மான் அறியாத காலடி

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரில் ஒரு வனம் மறைந்திருக்கிறது. திந்திரிணி என்ற வடசொல்லுக்குப் புளியமரம் என்பது பொருள். புளியங்காட்டின் பெயர் தாங்கிய அவ்வூர் இன்று பேருந்துகளின் இரைச்சல் நிறைந்த நகரம். ஆயினும் செஞ்சிப் பக்கம் சென்றால், பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் காரையும் சூரையும் கள்ளியும் மண்டிய காட்டை இன்றும் காணலாம். அக்காட்டை அடி அடியாக அறிந்தவர்கள் இருளர் எனும் பழங்குடி மக்கள். அவர்களுள் ஒரு முதியவர் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. குருமடத்தில் பல்லாண்டுகள் பயின்றும் எனக்குக் கிட்டாத பாடம் அது.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட ஒரு பங்கில் அப்போது நான் பணியாற்றினேன். பங்கின் எல்லையில், ஏரிக்கரை ஓரமாகச் சில இருளர் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருநாள் முதல் வரவில்லை. ஆசிரியர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் விரைந்தேன். போய்ப் பார்த்தால், அடுப்பில் உலை கொதிக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. மூன்று முறை சென்றேன்; மூன்று முறையும் அவ்வாறே. வேப்பமரத்தடியில் கண் மங்கிய அம்முதியவர் மட்டும் அமர்ந்திருந்தார்.

“பெரியவரே, எல்லாரும் எங்கே?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “சாமி, மான் பிடிக்கப் போறவன் தப்பு அடிச்சுக்கிட்டா போவான்? காக்கிச் சட்டைக்காரங்க வந்தாலும் இதே வண்டிச் சத்தந்தான். எங்க சனத்துக்கு வித்தியாசம் தெரியாது.”

நாணித் தலைகுனிந்தேன். பின்பு அவரருகில் தரையில் அமர்ந்தேன். தம் தந்தையோடு காட்டுக்குச் சென்ற நாட்களை அவர் விவரித்தார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு முந்திய காலம் அது. இன்று மான் வேட்டை குற்றம். அது நல்ல சட்டமே. ஆனால் அந்த நடை மறக்கத்தக்கதன்று.

மானுக்கு மூக்கும் காதும் கூர்மை. ஆகவே காற்று தம் முகத்தில் படும்படி, எதிர்த்திசையில்தான் நடப்பார்களாம். வெறுங்காலின் விரல்கள் முதலில் தரையைத் தடவும். சருகு இல்லை, சுள்ளி இல்லை என்று கண்ட பின்னரே பாரம் இறங்கும். மான் தலை குனிந்து மேயும்போது ஓரடி; தலை நிமிர்ந்தால் மரம் போல் நிற்றல். ஆள்காட்டிக் குருவி கத்திவிட்டால், அது ஓயும்வரை அமர்ந்துவிட வேண்டும். “அவசரப்பட்டவனுக்குக் காடு காலி சாமி, காத்திருந்தவனுக்குத்தான் காடு கண்ணுல படும்” என்றார்.

இந்த அறிவு அற்பமானதன்று. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். புதர்களுக்கிடையே பொறுமையாக நடந்து தேடி, முதல் எட்டு நாட்களில் 13 பாம்புகளைப் பிடிக்க வழிகாட்டினார்கள். 2023ஆம் ஆண்டு இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

அன்றுமுதல் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, ஏரிக்கரை வழியே தனியாக நடந்தேன். முதல் மாலை முதியவரோடு மட்டும் பேசித் திரும்பினேன். மறுநாள் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. ஆறாம் மாலை, சிறுவனின் தாய் தானாகவே வந்து அமர்ந்து அழுதார். செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்திற்காகத் தகப்பனும் மகனும் அங்கே கல் சுமந்துகொண்டிருந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது அந்தத் தாய்க்குத் தெரியாது. அதிகாரிகளிடம் முறையிட்டோம். இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். சிறுவன் மீண்டும் பள்ளிக்கு வந்தான்.

ஒன்றை மட்டும் மறைக்க மனம் ஒப்பவில்லை. நான் ஓசையோடு சென்று திரும்பிய அந்த வாரங்களுக்குள், அதே வரிசையில் இருந்த வேறொரு குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போய்விட்டது. அவர்களுடைய சிறுமியை இன்றுவரை நான் காணவில்லை. திருப்பலியில் அப்பிள்ளையை நினைக்காத நாளில்லை.

வேடர்களின் பாதுகாவலராகிய புனித எஸ்தாக்கியார், தாம் துரத்திய மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டார் என்பது மரபு. பிடிக்கப் போனவர் பிடிபட்டார். உயிர்த்த ஆண்டவரும் எம்மாவு வழியில் இடிமுழக்கத்தோடு தோன்றவில்லை. வழிப்போக்கராய் உடன் நடந்தார். அவர்கள் துயரத்தை முதலில் கேட்டார்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் மௌனமாகிவிட்ட ஒரு மகனோ மகளோ இருக்கலாம். “என்ன ஆச்சு, சொல்லு!” என்று உரத்த குரலில் நுழையும்போது பிள்ளையின் உள்ளம் புதருக்குள் ஓடிவிடுகிறது. அருகில் அமருங்கள், கேள்வியை ஒத்திவையுங்கள், ஆறாம் மாலைவரை பொறுத்திருங்கள். வேடன் உயிரை எடுக்க அவ்வளவு மெல்ல நடந்தான். உயிரைக் காக்கப் போகும் நாம் அதனினும் மெல்ல நடக்க வேண்டாமா?