குளம் தெளிந்தது

தஞ்சைத் தரணியில் குளமில்லாத ஊரைக் காண்பது அரிது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை, நீர் இருப்பு இடந்தரும் ஆண்டுகளில், ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணை மூடியபின் வாய்க்கால்கள் வறண்டுவிடும். குளம் வரத்தின்றித் தனித்து நிற்கும். வெயில் ஏற ஏறத் தேங்கிய நீரில் பாசி படரும்.

எங்கள் கொல்லையை அடுத்தும் அத்தகைய குளம் ஒன்று உண்டு. 2023 மே மாதத்தில் அதன் நீர் கரும்பச்சையாகத் திரண்டு நாற்றம் வீசிற்று. புதுத்தண்ணீர் வருமுன் தூய்மை செய்ய எண்ணித் தெருவார் கூடினோம். மூங்கில் கழிகளில் பழைய வலையைக் கட்டி இழுத்து, பாசியைக் கரையில் குவித்தோம். காவிரி நீர் வந்தது; குளம் தெளிந்தது. கடமை முடிந்ததென்று களித்திருந்தோம்.

மறு ஆண்டே அக்களிப்பு கலைந்தது. 2024-இல் அணையில் போதிய நீர் இல்லாமையால் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அதற்குள் குளம் முன்னிலும் பச்சையாகிவிட்டது. ஒரு விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்தன. பொழுது ஏறுமுன் பல செத்து மிதந்தன. மயில்துத்தம் கரைத்து ஊற்றலாம் என்றார் ஒருவர்.

எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் அதைத் தடுத்தார். “பகலில் பிராணவாயுவைத் தரும் பாசியே இரவில் அதை உட்கொள்கிறது. அதனால்தான் விடியலில் மீன் தவிக்கிறது. பாசியை ஒரே நாளில் கொன்றால், அது அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் தீர்ந்துபோகும். அது கிடக்கட்டும், இப்பாசிக்கு உணவிடுபவர் யார்?” என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அவருடைய விரல் எங்கள் வீட்டுச் சாக்கடையை நோக்கி நீண்டது.

குளியலறை நீரும், மாட்டுக்கொட்டகைக் கழிவும், வயலில் இட்ட உரத்தின் மிச்சமும் குளத்தில்தான் சேர்ந்தன. அவற்றிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நெல்லை வளர்ப்பது போலவே பாசியையும் வளர்க்கின்றன. நாங்கள் கரையில் குவித்த பாசியும் மழையில் கரைந்து மீண்டும் குளத்துக்கே உரமாயிற்று!

வெட்கத்துடன் வேலையைத் தொடங்கினோம். முதலில் எங்கள் சாக்கடையை அடைத்து, அந்நீரைக் கொல்லை வாழைகளுக்குத் திருப்பினோம். அண்டை வீட்டார் இருவர் தங்களுக்குக் கொல்லை இல்லை என்று வருந்தினர். அவர்கள் வீட்டு நீருக்கும் எங்கள் கொல்லையிலேயே பாத்தி வெட்டினோம். வாரிய பாசியை வண்டியில் ஏற்றித் தொலைவிலுள்ள எருக்குழியில் சேர்த்தோம். நீர் வற்றிய கோடையில் அடிவண்டலை வெட்டி வயல்களுக்கு அனுப்பினோம்.

2025 ஜூன் 12-இல் அணை திறந்தது, குளமும் நிறைந்தது. அது பளிங்காகிவிட்டதென்று சொல்லமாட்டோம். வயல் உரத்தின் மிச்சம் இன்னும் வருகிறது, ஓரங்களில் சிறிது பாசியும் உண்டு. ஆயினும் நீரில் மூழ்கிய மூன்றாம் படி இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊர்க் குளம் பச்சையாயிருப்பின், வலையைத் தேடுமுன் உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே சென்று சேர்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.