நிறைந்து திரும்பும் போத்தல்

"ஸ்கூல்ல பிள்ளை தண்ணி குடிக்குமா?"

ஒரு மணி நேரத்தில் டாக்டர் எத்தனையோ கேட்டார். எனக்குத் தைத்தது இதுதான். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் நிறைத்துக் கொடுக்கும் போத்தல் மதியம் அப்படியேதான் திரும்பி வருகிறது என்றாள். போத்தல் பிடிக்கவில்லை போல என்று புதுசுகூட வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. மூன்று வயதிலிருந்தே குளித்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு 'என் முடி' என்று ஆட்டி நடக்கும். நாங்கள் சிரித்தோம். வீடியோ எடுத்துக் குடும்ப வாட்சாப்பில் போட்டோம். போன தீபாவளிக்கு ஜிப்பாவைத் தள்ளிவிட்டு, "நான் பொம்பளப் பிள்ளதானே, ஏன் எல்லாரும் மறந்து மறந்து போறீங்க?" என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. அத்தான் அடித்துவிட்டார். பிறகு கார் ஷெட்டில் உட்கார்ந்து அவர் அழுததையும் சொல்லியாக வேண்டும்.

அரசாங்க மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அம்மாவும் வருவேன் என்று நின்றார். அவருக்குச் சந்தை மலாய்தான் வரும் என்பதால் நான் மொழிபெயர்த்தேன். மலாயில் சிக்கலே இல்லை. அவனும் 'டியா', அவளும் 'டியா'. தமிழிலோ வாக்கியம் முடிவதற்குள் நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: குடிக்கிறானா, குடிக்கிறாளா? நல்ல வேளையாக 'பிள்ளை' இருந்தது. பிள்ளை குடிக்கும், பிள்ளை அழும். அன்று முழுக்க அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். (பெண்பிள்ளையை 'வாடா செல்லம்' என்று தாராளமாகக் கொஞ்சுகிறோம். ஆண்பிள்ளையை 'டி' போட்டால் அது வசை. இதை இவ்வளவு நாள் கவனித்ததே இல்லை.)

யாரும் கேட்காதபோதும் சொல்லுமா? விளையாட்டில் மட்டுமா, அழும்போதும் சொல்லுமா? குளிக்கும்போது எப்படி? கடைசிக் கேள்விக்கு அக்கா கீழே பார்த்தாள். விளக்கை அணைக்கச் சொல்லும் என்றாள். எனக்கே அது புதுச் செய்தி.

அம்மா என் கையைச் சுரண்டினார். "மந்திரிச்சாப் போயிருமான்னு கேளுய்யா." கூச்சத்தோடு கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. இந்த வயதில் மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது, விரட்டுவதற்கும் எதுவும் இல்லை என்றார். பொம்மையும் பாவாடையும் பிடிப்பதால் மட்டும் எதையும் முடிவு செய்வதில்லையாம்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டில், குழந்தைகளின் ஜெண்டர் டிஸ்ஃபோரியாவுக்கு எட்டு அடையாளங்கள் இருக்கின்றன. குறைந்தது 6 அடையாளங்கள் 6 மாதமாவது இருக்க வேண்டும். தான் வேறு பாலினம் என்ற வற்புறுத்தலோ தீவிர விருப்பமோ அவற்றில் கட்டாயம். அதோடு வேதனையோ அன்றாட வாழ்வில் பாதிப்போ இருக்க வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இன்னும் பொறுமையானது. சுமார் 2 ஆண்டுகள் பார்க்கச் சொல்கிறது, மனநோய்கள் பகுதியிலிருந்தும் இதை எடுத்துவிட்டது.

சண்டை வருவது பூப்புக் காலத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளைப் பற்றி. அவற்றுக்கான சான்றுகள் பலவீனமானவை என்று 2024இல் இங்கிலாந்தில் ஹிலரி காஸ் அறிக்கை சொன்னது. அதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். பூப்பு தொடங்காத பிள்ளைக்கு அந்த மருந்துக்கு வேலையே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அதைப் பற்றித்தான். ஒரு சித்தப்பா 'ஆப்பரேஷன்' வரைக்கும் போய்விட்டார். பழைய ஆய்வுகளில் பல பிள்ளைகள் வளர்ந்தபின் இப்படித் தொடரவில்லை என்பதை அத்தான் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்து வரையறையில் பிள்ளை தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் வேறு மாதிரிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. எனக்கும் அவர் நம்பிக்கையை உடைக்க மனமில்லை.

போத்தலுக்கு வருகிறேன். ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் ஒருவன் இருந்தான். நடை, கையசைவு எல்லாம் மென்மையாக இருக்கும். 'பொண்டான்' என்று முதலில் கூப்பிட்டது நான் இல்லை, ஆனால் சத்தமாகக் கூப்பிட்டது நான்தான். ஆண்கள் கழிவறை வாசலில் மூன்று பேர் நின்றுகொள்வோம். உள்ளே போக வேண்டுமென்றால் எங்களுக்கு ஆடிக் காட்ட வேண்டும். சில வாரங்களில் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. சலித்துப்போய் நாங்களும் விட்டுவிட்டோம். அவன் தண்ணீர் குடித்தானா என்று யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் கணக்குப் பாடத்தில் அவன் நாற்காலிக்குக் கீழே ஈரம். டீச்சர் அவனைத்தான் திட்டினார்.

பிள்ளையைத் தடுக்க வேண்டாம், நீங்களாக முடிவும் கட்ட வேண்டாம், வீட்டில் விரும்பியபடி விளையாடட்டும், முதலில் பள்ளியில் பேசி டாய்லெட்டுக்கு வழி செய்யுங்கள் என்று சொல்லி மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். அக்காவோடு நானும் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று வகுப்பு டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியர் கடிதம் கேட்டார், கொடுத்தோம். வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் ஆண்கள் கழிவறை வாசலைப் பார்த்தேன். மூன்று பையன்கள் நின்றிருந்தார்கள். சும்மாதான் நின்றிருக்கலாம்.

நேற்று போத்தல் பாதி காலியாக வந்தது என்று அக்கா மெசேஜ் போட்டாள். அதற்கு முந்தைய நாள் நிறைந்தே வந்திருந்தது. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம். அத்தான் ஒரு ஜிப்பா எடுத்து வைத்திருக்கிறார். அம்மா யாருக்கும் சொல்லாமல் கிள்ளானில் ஏதோ துணி வாங்கி வந்திருக்கிறார், என்னவென்று காட்டமாட்டேன் என்கிறார்.