பாட்டு விசையில் ஒரு புள்ளி

என் தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அக்கரப்பத்தனையில் கொழுந்து கிள்ளிய காலத்தில், துக்கம் நேர்ந்த லயங்களுக்கெல்லாம் சென்று ஒப்பாரி பாடியவர். அப்பாடல்களை மடிக்கணினியில் பதிந்து, கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கி வருகிறேன். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இதனினும் அவசரமான வேலை வேறில்லை.

சென்ற மழைக்காலத்தில் புள்ளி வைக்கும் விசை பழுதாயிற்று. தமிழ்99 அமைப்பில் அது ஆங்கில எஃப் எழுத்துக்குரிய விசை. இரட்டிக்கும் எழுத்துகளுக்குக் கணினியே புள்ளியிட்டுவிடும். ஏனைய பலவற்றுக்கு அவ்விசையே கதி. கண் 'கண' ஆயிற்று. மகள் 'மகள' ஆனாள். ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியின்றி எழுதிய ஏட்டுக்காரர்களை நினைந்து சிரித்துக்கொண்டேன். விசைப்பலகை மாற்றக் கடைக்காரர் கூறிய விலை அச்சிரிப்பை நிறுத்திற்று. வெளியே செருகும் பலகையொன்றை மாணவர் ஒருவர் இரவல் தந்தார். தாயாரின் கட்டிலோரம் அமர்ந்து எழுதுபவனுக்கு அதை வைக்க இடமேது?

என் கணினியின் மேல்விளிம்பில் ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை இயக்கவெனத் தனி விசைகள் உள்ளன. பாட்டு விசையைப் புள்ளிக்குக் கொடுத்தாலென்ன? 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் அதற்கு இடந்தருகிறது.

விசை தன் பெயரைக் கூறுவதில்லை. ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. தோட்டத்துச் செக்ரோலில் எண்ணுக்கு நேரே பெயர் இருப்பதுபோல, லினக்ஸ் தன் அட்டவணையைப் பார்த்தே அது எந்த விசை என்று அறிகிறது. அட்டவணையில் பெயரை மாற்றினால் போதும்.

முதலில் எக்ஸ்மாட்மேப் என்னும் கருவியால் மாற்றினேன். மொழியமைப்பை மீண்டும் ஏற்றியதும் மாற்றம் மறைந்தது! அது மேல்தட்டில் செய்யும் மாற்றம். பின்னர் ஈவிடெஸ்ட் கருவியை ஓட்டிப் பாட்டு விசையை அழுத்தினேன். ஏ2 என்ற குறியெண் தோன்றிற்று. யுடெவ் என்னும் பகுதியின் வன்பொருள் அட்டவணையில், அவ்வெண்ணுக்கு நேரே எஃப் என எழுதிய சிறு கோப்பைச் சேர்த்து, அட்டவணையைப் புதுப்பித்தேன். கணினியை அணைத்து ஏற்றியபின்னும் மாற்றம் நிலைத்தது. மகள் மீண்டும் மகளானாள்.

ஒரு நட்டம் உண்டு. தாயாரின் குரலை ஓடவிட இப்போது சுட்டியைத் தேட வேண்டியிருக்கிறது. பழக்கத்தில் பாட்டு விசையைத் தட்டினால் குரல் எழுவதில்லை, புள்ளிதான் விழுகிறது.

தாயாரிடம் கூறினேன்.

"பாட்டுக் கட்டையிலயா புள்ளி வைக்கிற ராசா? அப்ப பாட்டுக்கு என்னா பண்ணுவ?"

"நீங்களே பாடுங்கம்மா."

தம் தங்கைக்கு அழுத ஒப்பாரியைப் பாடினார். அன்றிரவே எழுதி முடித்தேன்.