வலியை நம்புவது வேறு... மருந்தை நம்புவது வேறு! - கெட்டமைன் சிகிச்சையும் ஒரு சிறுமியின் கதையும்

மின்விசிறிக் காற்று பட்டாலே கால் எரிகிறது. போர்வை உரசினால் கத்தத் தோன்றுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் இருப்பவர்களின் பார்வை மெதுவாக மாறுகிறது. 'நெஜமாவே வலிக்குதா, இல்ல...?'

நாள்பட்ட நரம்பு வலியோடு வாழும் பலருக்குப் பழக்கமான கேள்வி இது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு குடும்பத்தை இதே கேள்வி நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது. நடுவில் இருந்தது, கெட்டமைன் என்ற மருந்து.

2015-ல் மாயா கோவால்ஸ்கிக்கு 9 வயது. ஆஸ்துமா பாதிப்பு ஒன்றைத் தொடர்ந்து, அவளுடைய கை கால்களில் கடுமையான எரிச்சலும் வலியும் தொடங்கின. பாதங்கள் உள்பக்கமாகத் திரும்பின. நடக்க முடியவில்லை. பல டாக்டர்களைப் பார்த்த பிறகு, அது சி.ஆர்.பி.எஸ் என்று ஒரு வலி சிகிச்சை நிபுணர் சொன்னார். 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்' என்பதன் சுருக்கம் அது.

அந்த டாக்டர் கொடுத்த மருந்துதான் கெட்டமைன். குறைந்த அளவில் தொடங்கியது சிகிச்சை. பலன் போதவில்லை என்றதும், மெக்ஸிகோவுக்கு அழைத்துச் சென்று, மருந்தின் அளவைக் கூட்டி, ஐந்து நாள்கள் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தார்கள். அதன் பிறகு மகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது என்றது குடும்பம்.

2016 அக்டோபரில் கடும் வயிற்றுவலியோடு மாயா ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அம்மா பியாட்டா, நர்ஸாக வேலை பார்த்தவர். மகளுக்கு எந்த மருந்து, எந்த அளவில் வேலை செய்யும் என்று அழுத்திச் சொன்னார். 10 வயதுக் குழந்தைக்கு இவ்வளவு கெட்டமைனா என்று டாக்டர்கள் அதிர்ந்தார்கள். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளையைச் சிகிச்சைக்கு ஆளாக்கும் மனநலப் பிரச்னை அம்மாவுக்கு இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. புகார் போனது. நீதிமன்ற உத்தரவுப்படி மாயா அரசின் பாதுகாப்பில் வைக்கப்பட்டாள். அம்மாவால் மகளை நேரில் பார்க்க முடியவில்லை.

பிரிந்து 87 நாள்கள் ஆன நிலையில், 2017 ஜனவரியில் பியாட்டா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சில நாள்கள் கழித்துத்தான் மாயா அப்பாவிடம் திரும்பினாள்.

'டேக் கேர் ஆஃப் மாயா' என்ற ஆவணப்படமாக 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் இந்தக் கதை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடும்பத்துக்கு 20 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. சந்தேகம் வந்தால் புகார் செய்வது சட்டப்படி தங்கள் கடமை என்று வாதாடிய மருத்துவமனை, மேல்முறையீடு செய்தது. 2025 அக்டோபரில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது.

யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். இந்தக் கதையில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்தச் சிறுமிக்கு வலி உண்மையா என்பது ஒன்று. அந்த மருந்து சரியா என்பது இன்னொன்று.

அணையாத அழைப்பு மணி

இந்த வகை வலி புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட வீரர்களுக்கு, காயம் ஆறிய பிறகும் கை கால்கள் நெருப்பாய் எரிந்ததை சைலஸ் வியர் மிட்செல் என்ற டாக்டர் பதிவு செய்திருக்கிறார். 1872-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் விவரித்த வலியைத்தான் இன்று சி.ஆர்.பி.எஸ்ஸின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, சில நேரம் ஒரு சின்னச் சுளுக்குக்குப் பிறகுகூட இது வரலாம். வலிக்கும் இடம் வீங்கும், நிறம் மாறும், தொட்டாலே துடிக்க வைக்கும்.

வாசலில் யாரும் இல்லை. ஆனால், அழைப்பு மணியின் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு விடாமல் அடிக்கிறது. நாள்பட்ட நரம்பு வலியில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். வலிச் செய்தி திரும்பத் திரும்ப வந்ததில், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பு செல்கள் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகின்றன. இதில் என்.எம்.டி.ஏ என்ற ஏற்பிக்கு முக்கியப் பங்கு உண்டு. கெட்டமைன் அந்த ஏற்பியை அடைக்கிறது. சிக்கிய பட்டனை விடுவித்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது.

போர்க்களத்திலிருந்து வலி கிளினிக்குக்கு

1962-ல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் கெட்டமைனை உருவாக்கினார். 1970-ல் மயக்க மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மற்ற பல மயக்க மருந்துகளைப்போல மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரிதாகக் குறைக்காது என்பதால், வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றைக்கும் இது பெரிய துணை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

ஆனால், அறுவை சிகிச்சைக்கு மயக்கம் தருவது வேறு, மாதக்கணக்கான வலியை ஆற்றுவது வேறு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 60 சி.ஆர்.பி.எஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. நான்கு நாள்களுக்குச் சற்று அதிகமாக டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். மருந்து கிடைத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. 12-வது வாரம் வந்தபோது, மருந்து கிடைக்காதவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கை கால்களின் செயல்பாடும் மேம்படவில்லை.

2018-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், சி.ஆர்.பி.எஸ்ஸுக்கு 12 வாரங்கள் வரை பலன் தரலாம் என்பதற்கு மிதமான ஆதாரம்தான் இருக்கிறது என்றது. 2025-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 67 சோதனைகளை அலசிவிட்டு, நாள்பட்ட வலிக்கு கெட்டமைன் உதவுகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று சொன்னது. பலனே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நிரூபணமாகவில்லை என்று அர்த்தம்.

பக்க விளைவுகள் என்னவோ நிச்சயம். மாயத்தோற்றம், குழப்பம், வாந்தி வரலாம். ரத்த அழுத்தம் ஏறலாம். திரும்பத் திரும்ப எடுத்தால் கல்லீரலும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படலாம். பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் நடிகர் மேத்யூ பெர்ரி 2023-ல் இறந்ததற்கு முக்கியக் காரணம், முறையான சிகிச்சைக்கு வெளியே எடுத்துக்கொண்ட கெட்டமைன்.

இந்தியாவில் 2013 முதல் கெட்டமைன் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றை மருந்துக்கடை இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டில் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை இது. இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் வசதியுள்ள இடத்தில், மயக்கவியல் டாக்டர் பார்வையில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

குடும்பம் என்ன செய்யலாம்?

சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல், அக்கி ஆறிய பிறகும் விடாத வலி போன்றவற்றுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பிரிகாபலின், டுலாக்சட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளைத்தான். சி.ஆர்.பி.எஸ்ஸுக்கு பிசியோதெரபி முக்கியமான சிகிச்சை. இவற்றையெல்லாம் முறையாகப் பார்த்த பிறகும் வலி அடங்காவிட்டால், வலி சிகிச்சை நிபுணர் கெட்டமைனைப் பற்றிப் பேசலாம். அப்போது கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை வாரம் பலன் எதிர்பார்க்கலாம்? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்? மருந்து ஏறும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

தீராத வலி மனதையும் சாய்க்கும். நோயாளியை மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவரையும்தான். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

வலியை அனுபவிப்பவர் சொல்வதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்று வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் தன் வரையறையோடு சேர்த்தே சொல்லியிருக்கிறது. புது மருந்தைச் சந்தேகிக்கலாம், சந்தேகிக்கவும் வேண்டும். அந்தச் சந்தேகம், வலிக்கிறது என்று சொல்பவர் மீது திரும்பிவிடக் கூடாது. 'வலி இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த மருந்து வேணுமான்னு யோசிப்போம்' என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால், நோயாளி அடுத்த டாக்டரைத் தைரியமாகப் பார்க்கப் போவார்.