ரோலர் எந்தப் பக்கம் சுற்றும்?

வடசென்னை அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி காமராஜர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, கன்வேயர் பெல்ட் ஏறி அத்திப்பட்டுப் பக்கம் வந்து சேர்கிறது. அந்த மாதிரி பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பல வருடம் சிந்திய கரியை அள்ளியவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மகள் இப்போது பெல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஓடவிடுகிறார். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செல்போனிலேயே பார்த்துப் பழகுவதற்கான பாதுகாப்புப் பாடம் அது. அதைப் பார்க்கத்தான் அத்திப்பட்டு புதுநகரில் அவர்கள் வீட்டு மாடியறைக்குப் போனேன்.

மவுஸ் பிடித்து அவர் எதையும் வரைவதில்லை. ஒரே ஒரு ரோலருக்கு வட்டமும், சுற்றுவது கண்ணுக்குத் தெரிய குறுக்கே ஒரு கோடும் நிரலாக எழுதுகிறார். இத்தனை இடைவெளிக்கு ஒன்று என்று அதை லூப்பில் விட்டதும் திரை நெடுக ரோலர்கள் வந்து நிற்கின்றன. சுழற்றும்போதுதான் வில்லங்கம். எஸ்விஜி படத்தில் கோணத்தை மட்டும் கொடுத்தால் ரோலர் தன் அச்சில் சுற்றாது. படத்தின் இடது மேல்மூலையிலுள்ள பூஜ்யப் புள்ளியைச் சுற்றத் தொடங்கிவிடும். எனக்குக் காட்டுவதற்காக மைய எண்களை அழித்தார். ரோலர்கள் அத்தனையும் பெல்ட்டை விட்டுக் கிளம்பி, பெரிய வளைவாகத் திரைக்கு வெளியே போயின. கோணத்துக்குப் பக்கத்தில் அந்தந்த ரோலரின் மையத்துக்குரிய இரண்டு எண்களைத் திரும்ப எழுதியதும் எல்லாம் இடத்துக்கு வந்தன.

அடுத்தது திசை. திரையில் கீழே போகப் போக எண் கூடும். அதனால் கூட்டல் கோணம் கொடுத்தால் கடிகார முள் போகும் பக்கம் சுற்றும்; பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர்மாறு. முதலில் மேல் ரோலர், கீழ் ரோலர் எல்லாவற்றுக்கும் ஒரே கோணம் கொடுத்திருந்தாராம். பார்த்ததும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"போற பெல்ட்டும் சரி, கீழ திரும்பி வர்ற பெல்ட்டும் சரி, ரோலர் மேலதான் உக்காந்து போவுது கண்ணு. அது இப்டி போனா இது அப்டி வரும். அப்போ கீழ் ரோலர் மாத்திதானே சுத்தணும்?"

"அதுக்கப்புறம்தான் நைனா, கீழ் வரிசைக்குக் கழித்தல் போட்டேன்" என்றார் மகள்.

இந்தக் கழித்தல் குறியை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஓடுகிற பெல்ட், அது வளைந்து திரும்பும் சக்கரமான புல்லியில் போய்ப் படியும் இடத்தில்தான் கை மாட்டும். புல்லியை விட்டு விலகும் இடத்தில் அல்ல. சுற்றும் பக்கத்தை மாற்றி வரைந்தால், ஆபத்தான இடத்தைப் பத்திரமான இடம் என்று பாடமே சொல்லிக் கொடுத்துவிடும். வேகத்திலும் அதே கவனம் வேண்டும். பெல்ட் ஒன்றுதான் என்பதால், நாலு மடங்கு விட்டமுள்ள புல்லி ஒரு சுற்று முடிப்பதற்குள் சின்ன ரோலர் நாலு சுற்று சுற்றியாக வேண்டும்.

பாடத்தில் மின்நிலையத்தின் டர்பைனும் வருகிறது. அதை மட்டும் மகளால் நிஜ வேகத்தில் காட்ட முடியவில்லை. அது நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் சக்கரம் 300 டிகிரி போய்விடும். கண்ணுக்கோ அது 60 டிகிரி பின்னால் வந்ததாகத் தெரியும். சம இடைவெளியில் ஆறு இதழ் வரைந்தால் இன்னும் மோசம், அசையாமல் நிற்பதுபோல் இருக்கும்! ஓட்டிக் காட்டினார், நின்றே போயிற்று. அதனால் பாடத்தில் டர்பைன் மெதுவாகச் சுற்றுகிறது, நிஜ வேகம் பக்கத்தில் எழுத்தில் இருக்கிறது. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

நான் போன அன்று, அவசரத்தில் பெல்ட்டை நிறுத்த இழுக்கும் கயிறான புல் கார்டு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கயிற்றை இழுத்ததும் திரையில் பெல்ட் பட்டென்று நின்றது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"கரி ஏத்துன பெல்ட் அப்டி நிக்காது. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கினு போய்த்தான் நிக்கும். நின்னுடுச்சுன்னு எவனாவது கைய வச்சிடப் போறான்."

கோணம் ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு குறைய வேண்டும் என்று மகள் மறுபடி எழுத ஆரம்பித்தார்.