அத்தைக்கு வாசிக்காமல் விட்ட ஐந்தாம் பாகம்

கோடியக்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள், "பூங்குழலி படகு விட்ட இடம் எது?" என்று. 2022இல் படம் வந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அவள் கல்கியின் கற்பனை என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிப்போகிறது. ஒரு காலத்தில் எனக்கும் அப்படித்தான் ஆனது.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். பதினாறு வயதில் அலெக்சாந்தர் துய்மாவின் 'மூன்று மஸ்கெத்தியர்' கதையை மூலத்திலேயே படித்தவன். தமிழ் என்றால் பஸ் போர்டு படிக்கிற அளவுதான்.

1967 கோடை விடுமுறையில் வேதாரண்யத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தேன். அத்தை இளவயதில் விதவையானவர். 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துச் சேர்த்து ஐந்து பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தார். "கண்ணு சரியாத் தெரியலைடா தம்பி. நீ படி, நான் கேக்கறேன்" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'பழுவேட்டரையர்' என்ற பெயருக்கே நாக்கு புரளவில்லை. 'ழ' வரும்வரை அத்தை விடமாட்டார். ஏழை வாலிபன் ஒருவன் குதிரையில் வந்து அரண்மனைச் சூழ்ச்சியில் மாட்டிக்கொள்கிறான் என்றதும், இது நம் தார்த்தாஞ்ஞன் ஆயிற்றே என்று நினைத்தேன். கதை கோடியக்கரைக்கு வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. குழகர் கோயில், கலங்கரை விளக்கம், புதைசேறு, சதுப்பில் இரவில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தன. மறுநாளே சைக்கிள் எடுத்தேன். அகஸ்தியம்பள்ளி உப்பளம் தாண்டிப் போய், இருட்டும்வரை சதுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிசாசும் வரவில்லை, பூங்குழலியும் வரவில்லை. ஆனால் விடுமுறைக்கு விடுமுறை பார்த்த அந்த மணலும் காற்றும் அன்றுதான் என் கண்ணில் பட்டன.

கல்கி நம் பக்கத்து மனிதர். மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டுச் சிறை சென்றவர். ஆனந்த விகடனில் பெயர் பெற்று, 1941இல் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' முடித்து, 1950இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினார். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்கே போய் இடங்களைப் பார்த்து வந்தார். 1954இல் கதையை முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். வயது 55.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்ற அளவில்தான் வருகிறார். மிச்சத்தைக் கல்கி இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார். இடம் நிஜமாக இருந்ததால் இல்லாத பெண்ணையும் நாம் நம்பினோம்.

இரண்டு கோடைகளில் நான்கு பாகம் வாசித்து முடித்தேன். மூன்றாம் கோடையில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. "அஞ்சாம் பாகம் பாக்கி இருக்குடா" என்று யாரையோ எழுதச் சொல்லி அத்தை கார்டு போட்டார். லீவு கிடைக்கவில்லை என்று பதில் எழுதினேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். 1971இல் அத்தை போய்விட்டார். சாமான்களை ஒழித்தபோது அந்த ஐந்து பாகமும் எடைக்குப் போனது. நானும் அங்கேதான் நின்றேன், தடுக்கவில்லை.

அத்தைக்குக் கதையின் முடிவு தெரியும், வாரம் தவறாமல் படித்தவர்தானே! தெரியாதவன் நான்தான். அவர் கேட்பதற்காகப் படிக்கச் சொன்னாரா, நான் தமிழ் படிக்க வேண்டுமென்று சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன். இன்று உங்களுக்கு இதை எழுதுகிற தமிழ் அந்தத் திண்ணையில் வந்ததுதான்.

ஓய்வு பெற்று அதே வீட்டுக்குக் குடி வந்தேன். நாகப்பட்டினத்தில் புதுப் பதிப்பு வாங்கி, 'தியாகச் சிகரம்' முழுவதையும் திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டே வாசித்தேன். தெருவில் போனவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பைண்டு செய்த கல்கி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.