வெள்ளைக் குட்டி

நாய் வளர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. தாங்கள் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக வளர்ப்பவர்கள் ஒரு வகை. நாய் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வளர்ப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் பிறந்தவன். முதல் வகையிலும் ஒரு காலை ஊன்றியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் சிறுபிள்ளையாக இருந்தபோது நாங்கள் ஆற்றில் குதித்துக் கும்மாளமிட்டு முடிக்கும்வரை ஒரு தெருநாய் படித்துறையில் எங்கள் துணிகளுக்குக் காவல் இருக்கும். அதற்குச் சம்பளம் ஒரு துண்டு முறுக்கு. நாய்ப் பிரியம் எனக்கு அங்கே ஒட்டிக்கொண்டது.

பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு ஒரு ஸ்நேகிதர் ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொடுத்தார். திருநெல்வேலிக்காரனுக்கு அந்த நாய் அந்நியமல்ல. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் நம் ஜில்லாவில்தான் இருந்தன. ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் அந்தக் கரிசல் சீமையின் செல்வங்கள்.

ஒரு நாய்க்குத் துணையாக இன்னொன்று வந்தது. இரண்டுக்கும் ஒரு கொட்டகை வேண்டியிருந்தது. கொட்டகையில் இடம் மிச்சம் இருந்ததால் மூன்றாவது வந்தது. ஒரு மிருக வைத்தியர் அதன் தோளையும் நடையையும் பார்த்துவிட்டு, "இதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். சென்னைக்குக் கொண்டுபோனேன். நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்; முதுகைத் தடவினார்; வட்டமாக ஓடச் சொன்னார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். எல்லாம் இலக்கணப்படி இருந்தன. ஒரு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. என் மனைவி அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த வருஷம் கொட்டகையில் ஆறு நாய்கள். கதை எழுதிச் சம்பாதித்ததைக் கறிக்கடைக்காரர் சாவகாசமாக வாங்கிக்கொண்டார்.

கண்காட்சியைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றது. வேட்டை நாய்க்கு வேலை போயிற்று. வேலை போன நாயைச் சோறு போட்டுக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்? 1896-இல் தோன்றிய இந்திய கென்னல் கிளப் வம்சாவளிப் பதிவு வைத்திருப்பதும், நாலு பேர் கூடிப் பரிசு கொடுப்பதும் அந்த மனத்தை உண்டாக்குகின்றன. 2005-இல் தபால் தலையில்கூட ராஜபாளையம் நாய் ஏறிவிட்டது.

ஆனால் வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. அதை எங்கள் கொட்டகையில் பிறந்த முதல் ஈற்றில் தெரிந்துகொண்டேன்.

ஏழு குட்டிகள். ஆறு வெள்ளை, ஒன்று மட்டும் காதிலும் முதுகிலும் பழுப்புத் திட்டு விழுந்த பெட்டை. நாய் விஷயத்தில் பழுத்த அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார்.

"புள்ளிக் குட்டிய வச்சுக்கிடாதீங்க. வம்சத்துக்கே கெட்ட பேரு. கண்ணு முழிக்கதுக்கு முன்னால ஆத்துல விட்டுருங்க" என்றார்.

"தாமிரபரணியில பாவத்தத் தொலைக்கத்தான் எறங்குவாக, அண்ணாச்சி. சேக்கதுக்கு இல்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெடுங்காலமாக அந்த வழக்கம் இருக்கிறது. கொடுமை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாவது வாரம் குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். ஐந்து குட்டிகள் துள்ளி எழுந்தன. புள்ளிக்காரி முதலாவதாக எழுந்தாள். இரண்டு வெள்ளைகள் அசையவில்லை. அவற்றில் ஒன்று, கூட்டத்திலேயே அழகன். பார்த்தவர்களெல்லாம் வருங்காலச் சாம்பியன் என்று சொல்லியிருந்த குட்டி.

மிருக வைத்தியர் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். டால்மேஷியன் நாய்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லையாம். ஒரு காது மட்டும் பழுதானால் தட்டோசையில் தெரியாது. மின்கருவிச் சோதனை வேண்டும்.

அழகன் வளர்ந்து வாலிபனானதும் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். இனச்சேர்க்கைக்கு அவனைக் கேட்டார். செவிடு என்றேன். "அதனால் என்ன? பார்ப்பவனுக்குத் தெரியவா போகிறது?" என்றார். அவர் சொன்ன தொகை என் இரண்டு நாவல்களின் வருமானத்துக்குச் சமம்.

நியாயமான பேச்சுத்தான். கண்காட்சி கண்ணுக்கானது. நாயோ காதாலும் மூக்காலும் வாழும் பிராணி. பார்ப்பவனுக்குத் தெரியாது, ஆனால் பிறக்கப்போகும் குட்டிக்கு, பின்னால் வரும் லாரி தெரியாது.

அந்த வாரமே அவனுக்குக் கருத்தடை செய்துவிட்டேன். அப்படிச் செய்த ஆண் நாய்க்கு வழக்கமான போட்டி வகுப்புகளில் இடமில்லை. வரவேண்டிய கோப்பைகள் அத்தோடு போயின. அவன் கவலைப்படவில்லை. கையசைத்தால் வருகிறான், தரையைத் தட்டினால் திரும்புகிறான். இராத்திரியில் புள்ளிக்காரி தலை தூக்கினால் அவனும் எழுந்து நிற்கிறான். அவள் காதில்தான் அவனுக்குப் பாதி உலகம்.

புள்ளிக்காரிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன என்று சோதனையில் தெரிந்தது. அடுத்த ஈற்றுக்கு அவளைத்தான் வைத்திருக்கிறேன். காது சோதித்த ஒரு ஆண் நாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"இந்தக் குட்டிகளுக்குக் கோப்பை கிடைக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

கிடைத்தால் பொத்தான்கள் போட்டு வைக்கலாம். கூப்பிட்ட குரலுக்கு ஏழும் திரும்பினால் எனக்குப் போதும்.